சிறிய கடல்நீர்த் தொட்டிக்கு வடிகட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் இருந்துகொண்டு கடல் மீன் வளர்க்க ஆசைப்படுவோருக்காக இதை எழுதுகிறேன். நம் ஊர் மீன் கடைகளில் கப்பியும் அரவானாவும் ஃபிளவர்ஹார்னும் தாராளமாகக் கிடைக்கும். அவற்றுக்கான வடிகட்டிகளும் கிடைக்கும். கடல்நீர்த் தொட்டிக்கு வேண்டும் என்று கேட்டாலும் பெரும்பாலும் அதே வடிகட்டியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஈப்போவுக்குப் போனால் கடைக்கு ஒரு யோசனை சொல்வார்கள். இணையத்தில் தேடினால் குளிர் நாட்டுக்காரர்களின் அறிவுரைதான் வந்து குவியும். அவர்களுக்குத் தொட்டியை எப்படிச் சூடாக வைத்திருப்பது என்பது கவலை. நமக்கு வெயில், பிற்பகல் இடி மழை, மின்தடை. யாரைக் கேட்பது என்று தெரியாமல் நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எந்தக் கருவியை வாங்குவதற்கு முன்பும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது நின்றுபோனால் தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? இதன் உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்? நகரத்திலிருந்து தள்ளி வாழ்கிற நமக்கு மற்றவை எல்லாம் இவற்றுக்கு அடுத்தபடிதான்.

1. தொட்டியின் உண்மையான அளவைக் கணக்கிடுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60 × 45 × 45 தொட்டி என்றால் 121 லிட்டர். விளிம்பு வரை நிரப்ப மாட்டோம், உள்ளே பாறையும் மணலும் இருக்கும் என்பதால் சுமார் 100 லிட்டர் நீர்தான் நிற்கும். வடிகட்டியை இந்த 100க்குத்தான் வாங்க வேண்டும்.

60 லிட்டருக்கும் குறைந்த தொட்டியைப் புதியவர்கள் தொட வேண்டாம் என்பது என் கருத்து. நீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் ஒரே பிற்பகலில் மாறிவிடும். எந்த வடிகட்டியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எடையையும் பாருங்கள். கடல்நீர் ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். கண்ணாடி, பாறை, மேசை எல்லாம் சேர்ந்தால் இந்த இரண்டடித் தொட்டி 170 கிலோவைத் தாண்டும். பழைய தோட்டக் குடியிருப்புகளின் பலகைத் தரை இதைத் தாங்காது. சிமெண்டுத் தரையும் நேர் வெயில் விழாத சுவரோரமும் வேண்டும்.

2. உண்மையில் வடிகட்டுவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அழுகி அமோனியா ஆகின்றன. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அமோனியா மீனைக் கொல்லும். நைட்ரைட்டின் நச்சு கடல்நீரில் குறைவு. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. நீர் மாற்றினால் குறையும். கடல்நீரின் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8.2ஐ ஒட்டி இருப்பதாலும் நம் தொட்டிகள் சூடாக இருப்பதாலும் அமோனியாவின் நச்சுப் பங்கு நன்னீர்த் தொட்டியை விட இங்கே அதிகம். நன்னீர் மீன் தாங்கிய அளவைக் கடல் மீன் தாங்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த பாக்டீரியாவின் வீடு நுண்துளைகள் நிறைந்த பாறை. அதனால் பணத்தை முதலில் பாறையில் போடுங்கள். 100 லிட்டருக்கு 8 முதல் 10 கிலோ போதும். மின்சாரம் போனாலும் பாறை தொட்டிக்குள்ளேயே நீரில் கிடக்கும். அதற்கு மோட்டார் இல்லை, உதிரிப் பாகம் தேட வேண்டியதில்லை. நான் மேலே சொன்ன இரண்டு கேள்விகளிலும் முழு மதிப்பெண் பெறுவது இது ஒன்றே.

காய்ந்த பாறையாகவோ கடல் தொட்டிக்கென்று செய்த பீங்கான் பாறையாகவோ வாங்குங்கள். கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையும் கற்பவளமும் அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் வருகின்றன. விற்பவரிடம் முறையான பத்திரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தியோமான், ரெடாங், பாயார் போன்ற கடல் பூங்காக்களில் 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி பவளத் துண்டை எடுப்பதே குற்றம். விடுமுறைக்குப் போனவர் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

3. எந்த வகை வடிகட்டி?

இங்கே அவசரப்படாதீர்கள்.

மேல் வடிகட்டி: தொட்டியின் தலைமேல் நீளப் பெட்டி, உள்ளே பஞ்சும் பீங்கான் வளையங்களும். நம் ஊர்க் கடைகளில் முதலில் நீட்டப்படுவது இதுதான். நன்னீருக்கு நல்ல பொருள். கடல்நீரில் உப்பு தெறித்து விளக்கையும் இரும்புத் திருகாணிகளையும் அரிக்கும். பஞ்சில் தேங்கும் கழிவு அங்கேயே அழுகி நைட்ரேட்டை ஏற்றும். வேண்டாம்.

கேனிஸ்டர்: கீழே வைக்கும் மூடிய உருளை. அழகாக இருக்கும், சத்தம் இருக்காது, கடைக்காரர்களும் விரும்பி விற்பார்கள். ஆனால் இடி மழையில் மெயின் சுவிட்ச் விழுந்து நீங்கள் வேலையிலிருந்து திரும்பும்வரை அது நின்று கிடந்தால், மூடிய உருளைக்குள் இருக்கும் பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் சாகத் தொடங்கும். சுவிட்சைப் போட்டதும் அந்த அழுகிய நீர் நேரே தொட்டிக்குள் பாயும். பகலில் வீட்டில் ஆள் இல்லாத குடும்பங்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் நீண்ட மின்தடைக்குப் பிறகு உடனே ஓட்டாமல் திறந்து, நீரைக் கொட்டி, தொட்டி நீரிலேயே அலசிவிட்டு ஓட்டுங்கள்.

தொங்கும் வடிகட்டி: தொட்டியின் பின் விளிம்பில் மாட்டுவது. 60 முதல் 100 லிட்டர் வரை என் முதல் தேர்வு. மலிவு, திறந்த அமைப்பு, கழுவ எளிது. உள்ளே ஒரு பஞ்சும், மீன் தொட்டிக்கென்று விற்கும் வடிகட்டிக் கரி ஒரு பையும் போதும். பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை அலச வேண்டும். வாங்கும்போது மோட்டார் நீருக்குள் அமர்ந்திருக்கும் மாதிரியாகப் பாருங்கள். மோட்டார் வெளியே இருக்கும் சில மாதிரிகள் மின்சாரம் திரும்பியதும் நீரை இழுக்காமல் வெறுமனே உறுமிக்கொண்டிருக்கும். கடையிலேயே நீர் நிரப்பி ஓட்டச் சொல்லி, பிளக்கைப் பிடுங்கி மீண்டும் செருகிப் பாருங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

பின்னறைத் தொட்டி: தொட்டியின் பின்பக்கம் மூன்று அறைகளாகத் தடுத்து வடிகட்டியை உள்ளேயே வைத்தது. மின்சாரம் நின்றால் ஒரு சொட்டும் வெளியே போகாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதுவே நல்லது. ஒரே எச்சரிக்கை: பின்னறையின் அகலத்தை உள்பக்கமாக அளந்துகொள்ளுங்கள். பம்ப் பழுதானால் அந்த அகலத்துக்குள் அடங்கும் மாற்றுப் பம்ப் கிடைக்குமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

சம்ப்: மேசைக்குள் வைக்கும் இரண்டாவது தொட்டி. 100 லிட்டருக்கு மேல் போனால் இதுவே சிறந்தது. ஆக்சிஜனும் இடமும் கிடைக்கும். ஆனால் வீட்டை நனைக்கக்கூடியதும் இதுதான். பம்ப் நின்றதும் மேல் தொட்டியின் நீர் கீழே இறங்கும். 60 × 45 தொட்டியில் மட்டம் 3 சென்டிமீட்டர் இறங்கினாலே 8 லிட்டர். சம்பில் எப்போதும் அதற்கு மேல் காலியிடம் வேண்டும். மீன் விடுவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கி, நீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்து, ஓடும்போதுள்ள மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி நீர் ஊற்றக் கூடாது. மேலே திரும்பும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வையுங்கள். ஆழமாக வைத்தால் அதுவே நீரை உறிஞ்சிக் கீழே தள்ளும். அந்த உறிஞ்சலை நிறுத்தக் குழாயில் சிறு துளையிட்டால் போதும் என்பார்கள். உப்பும் பாசியும் அந்தத் துளையை அடைத்துவிடும்.

மேல் தொட்டியின் நீரைச் சம்புக்கு இறக்குவது வழிந்தோடி. விளிம்பில் மாட்டும் வழிந்தோடிப் பெட்டியை விட, கண்ணாடியில் துளையிட்டுச் செய்த வழிந்தோடி பாதுகாப்பானது. மாட்டும் பெட்டியில் காற்று புகுந்து நீரோட்டம் அறுந்தால் பம்ப் மட்டும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். துளையிடுவதற்கு முன் உங்கள் தொட்டி டெம்பர்ட் கண்ணாடியா (சூடாக்கிக் கடினப்படுத்தியதா) என்று உறுதி செய்யுங்கள். டெம்பர்ட் கண்ணாடியில் துளையிட்டால் முழுவதும் நொறுங்கிவிடும்.

4. ஸ்கிம்மர் வேண்டுமா?

நுண்ணிய காற்றுக் குமிழ்களில் அழுக்கை ஒட்டவைத்து நுரையாக வெளியேற்றும் கருவி இது. உப்பு நீரில்தான் குமிழ்கள் அவ்வளவு நுண்ணியதாக நிற்கும். 100 லிட்டருக்குக் கீழே, இரண்டு கோமாளி மீன்களும் ஒரு கோபியும் மட்டும் என்றால் இது தேவையில்லை. வாரம் 10 முதல் 15 விழுக்காடு நீர் மாற்றினால் போதும். அந்தப் பணத்தில் ஒரு மாற்றுப் பம்ப் வாங்கி வையுங்கள்.

வாங்குவதானால், பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். சம்பில் எவ்வளவு ஆழ நீரில் நிற்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அந்த ஆழம் மாறாத அறையில்தான் வைக்க வேண்டும். புதிய ஸ்கிம்மர் தொடக்கத்தில் சில நாளிலிருந்து ஒரு வாரம் வரை சரியாக நுரைக்காது. கெட்டுவிட்டது என்று எண்ணி திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள்.

5. பம்ப்: பெட்டியில் போடாத விவரங்கள்

மணிக்கு 1000 லிட்டர் என்று போட்டிருப்பது உயரமே இல்லாமல் தள்ளும்போது கிடைக்கும் அளவு. சம்பிலிருந்து ஒரு மீட்டர் மேலே தள்ள வேண்டும் என்றால் சிறிய பம்ப்களில் பாதிகூடக் கிடைக்காது. பெட்டியில் உள்ள அதிகபட்ச உயர அளவைப் பாருங்கள். உங்களுக்குத் தேவையான உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது அது இருக்கட்டும். உயரம் கழித்து மணிக்குத் தொட்டி அளவில் ஐந்து மடங்கு நீர் திரும்பினால் போதும். மீதிச் சுழற்சிக்கு ஒரு சிறிய அலை பம்ப் தனியாக வையுங்கள். இரண்டு பம்ப் இருந்தால் ஒன்று நின்றாலும் இன்னொன்று நீரை அசைத்துக்கொண்டிருக்கும்.

நன்னீர் பம்ப்கள் சிலவற்றில் நடு அச்சு எஃகு. கடல்நீரில் துருவேறும். அச்சு பீங்கானா என்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சுழலும் விசிறிப் பாகம் தனியாக விற்கிறார்களா என்றும் கேளுங்கள். விற்றால் பம்ப் வாங்கும்போதே ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தேடினால் அந்த மாதிரியே சந்தையில் இல்லாமல் போயிருக்கலாம்.

இணையத்தில் வாங்குவோர் மின்னழுத்தத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரே பம்பை 110 வோல்ட், 220 வோல்ட் என்று இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் செருகிய உடனே கருகும். இரண்டு முள் பிளக்குடன் வந்தால், மூன்று முள் துளையில் பேனா மூடியைச் செருகித் திணிக்கும் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சிரிம் முத்திரையுள்ள பிளக்கும் நீட்டிப்புப் பலகையும் வாங்குங்கள். ஒவ்வொரு கம்பியும் சுவிட்சுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவுத் துண்டிப்பான் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பழைய வீடென்றால் முதலில் ஒரு மின்பணியாளரை அழைத்துக் காட்டிவிடுவது நல்லது.

6. எந்த நீர்?

வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தொடக்க நீர் கெட்டால் பாசிதான் மிஞ்சும். குழாய் நீரில் குளோரின் உண்டு. தகரக் கூரையிலிருந்து வழியும் மழைநீரில் துத்தநாகம் கலந்திருக்கும். இறாலும் நத்தையும் அதைத் தாங்கா. லுமுட் பக்கம் போய் டின்னில் கடல்நீர் பிடித்து வருவோர் உண்டு. மலாக்கா நீரிணைக் கரையோர நீர் சேறும் ஆற்று முகத்துவாரக் கழிவும் கலந்தது; நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆர்ஓ நீரில் (நுண்ணிய சவ்வு வழியே அழுத்திச் சுத்தமாக்கிய நீரில்) கடல் உப்புக் கலவையைக் கரைப்பதே சரி. வீட்டில் பொருத்தும் ஆர்ஓ கருவிக்கு நல்ல குழாய் அழுத்தம் வேண்டும். அழுத்தம் குறைந்த வீடுகளில் தனி பூஸ்டர் பம்ப் இல்லாமல் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஒரு லிட்டருக்கு மூன்று நான்கு லிட்டர் வீணாகவும் போகும். சிறிய தொட்டிக்கு, கடைத்தெருவில் இருக்கும் தானியங்கி நீர் இயந்திரமே போதும். ஆர்ஓ பொத்தானை அழுத்துங்கள், மினரல் பொத்தானை அல்ல. நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். எண் ஒற்றை இலக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஏறிக்கொண்டே போனால் இயந்திரத்தின் சவ்வை மாற்றவில்லை என்று பொருள், வேறு இயந்திரத்துக்குப் போங்கள்.

லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் உப்பு, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025. எப்போதும் வாளியில் கரையுங்கள், பம்ப் போட்டு ஒரு நாள் சுழலவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

7. சூடும் மின்தடையும்

கடல்நீரில் நன்னீரை விட ஆக்சிஜன் குறைவு. சூடேறினால் இன்னும் குறையும். 26 முதல் 28 பாகை நல்லது. பிற்பகலில் 30ஐத் தாண்டினால் நீர்ப்பரப்பின்மேல் சிறிய மின்விசிறி வையுங்கள். இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆனால் நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்ததை ஆர்ஓ நீரால் நிரப்புங்கள், உப்பு நீரால் அல்ல. பவளம் வளர்க்காதவர்களுக்குக் குளிரூட்டி தேவைப்படுவது அரிது.

மின்தடைக்கு, மின்சாரம் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம். என்னைக் கேட்டால் ஸ்கிம்மருக்கு முன்பே வாங்க வேண்டியது இது.

8. புகை, மருந்து

டெங்கிக்காகத் தாமானில் புகை அடிக்கும்போது வரும் பூச்சிமருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. ஸ்கிம்மரும் காற்றுப் பம்பும் அறைக் காற்றை இழுத்து நேரே நீரில் கலப்பவை. அறிவிப்பு வந்ததும் இரண்டையும் நிறுத்தி, தொட்டியை மூடி, சன்னல்களைச் சாத்துங்கள்; அலை பம்ப் மட்டும் ஓடட்டும். புகை முழுதும் போனபின் புதிய கரிப் பையைப் போட்டு மீண்டும் ஓட்டுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் நாளுக்கும் இதே கவனம். சாமி மேடைக்கு அருகில் தொட்டியை வைக்காதீர்கள்; சாம்பிராணிப் புகையையும் ஸ்கிம்மர் இழுத்துக்கொள்ளும்.

9. செலவும் பத்திரங்களும்

நான் கடைகளில் விசாரித்த அளவில் தோராயமாகச் சொல்கிறேன். உங்கள் பக்கம் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். நல்ல தொங்கும் வடிகட்டி 60 முதல் 150 வெள்ளி. சிறிய ஸ்கிம்மர் 150லிருந்து 400. அலை பம்ப் 40லிருந்து 100. ரிஃப்ராக்டோமீட்டர் 60லிருந்து 120. அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதனைப் பெட்டிகள் மூன்றும் சேர்ந்து 100க்கு மேல். 20 கிலோ உப்பில் சுமார் 550 லிட்டர் கரைக்கலாம் என்பதால் பெரிய வாளியே சிக்கனம். பாறைக்கு இதற்கு மேல் ஒதுக்குங்கள்.

மின் கட்டணத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம். எல்லாப் பம்ப்களும் சேர்ந்து 28 வாட் என்றால் இரவு பகலாக ஓடி மாதம் 20 யூனிட் ஆகும். சிறிய குளிரூட்டியும்கூட ஓடும்போது 100 வாட்டுக்கு மேல் இழுக்கும்; அங்கேதான் பில் ஏறும்.

வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வரும் 500 வெள்ளிக்குட்பட்ட பொருள்களுக்கு 1 ஜனவரி 2024 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விலையை ஒப்பிடும்போது அதையும் அஞ்சல் செலவையும் சேர்த்துப் பாருங்கள். ஈப்போக் கடை விலைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

ரசீது, முத்திரையிட்ட உத்தரவாத அட்டை, பெட்டியின் வரிசை எண் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். உள்நாட்டு விற்பனையாளர் உத்தரவாதத்தை மதிக்கவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். ரசீது இல்லாமல் அங்கே போவது வீண்.

10. எப்போது மீன் விடலாம்?

எல்லாவற்றையும் பொருத்தியதும் முதல் மூன்று நாள் வெறும் நீரிலேயே ஓட்டி ஒழுக்கு, சத்தம், மின்தடைச் சோதனை எல்லாவற்றையும் முடியுங்கள். பிறகு பாறை, மணல், பாட்டிலில் விற்கும் பாக்டீரியா, அதற்கு உணவாகச் சிறிதளவு அமோனியா. நைட்ரைட் ஏறி இறங்கும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்து எழுதி வையுங்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். போட்ட அமோனியா 24 மணி நேரத்தில் சுழியாகி, நைட்ரைட்டும் சுழி காட்டினால் தொட்டி தயார். மீனை விடும் முன் பாதி நீரை மாற்றி, ஏறியிருக்கும் நைட்ரேட்டைக் குறையுங்கள். மறுநாளே மீன் விடலாம் என்று விற்பவர் சொன்னால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே மீன். நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பாறையில் தங்கி இறால், நத்தை, பவளம் அனைத்தையும் கொன்றுவிடும். வேறு வாளியில் வைத்து மருந்து கொடுங்கள். இரண்டாவது மீனுக்கு முன் குறைந்தது இரண்டு வாரம் விட்டு, அமோனியா மீண்டும் சுழியா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.